240 விண்ணப்பம், 3 பதில்: நான் எங்கே சறுக்குகிறேன்?

தூக்கணாங்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். புள்ளியியலில் இளங்கலை, கடைசி ஆண்டு. நாலு மாதமாக வேலை தேடுகிறேன். ஒரு எக்செல் ஷீட்டில் எல்லாவற்றையும் குறித்து வைக்கிற பழக்கம் உண்டு, அதனால் கணக்கில் பிசகில்லை. இதுவரை 240 விண்ணப்பம். வந்த பதில் 3. அதில் இரண்டு, "வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" ரகம். மூன்றாவதில் இன்டர்வியூவுக்கே கூப்பிட்டார்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்து, பத்தாம் வகுப்பு மார்க்கை எட்டும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

என்ன வேலைக்குப் போக வேண்டும் என்றும் தெளிவாகத் தெரியவில்லை. "டேட்டா" என்று தலைப்பில் இருந்தால் போட்டுவிடுகிறேன். ரெஸ்யூமேயில் இருப்பதை அப்படியே தருகிறேன் (ஆர், பைத்தான் இரண்டும் தரவை அலசப் பயன்படும் கணினி மொழிகள்):

குறிக்கோள்: சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிக்க விரும்புகிறேன்.
திறன்கள்: எக்செல், ஆர், பைத்தான் (அடிப்படை), குழுவாக இயங்குதல், தலைமைப் பண்பு, கடின உழைப்பு.
அனுபவம்: கல்லூரி நூலகத்தில் பகுதிநேர டேட்டா என்ட்ரி, 7 மாதம்.

தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.


எதிர்க்காற்று எழுதியது:

240 எல்லாம் ஒரு எண்ணிக்கையா? நான் 600 தாண்டித்தான் முதல் வேலை வாங்கினேன். தினமும் 20 போடுங்கள். வலை பெரிதாக இருந்தால் மீன் விழும். வேறு ரகசியம் கிடையாது.


பழைய_பேனா எழுதியது:

நான் வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள். பதினோரு வருடமாக ஆளெடுக்கும் வேலை. எதிர்க்காற்று சொல்வதை மறுக்கத்தான் வேண்டும். ஒரே ரெஸ்யூமேயை 600 இடத்துக்கு அனுப்பினால், அது 600 முயற்சி இல்லை. ஒரே முயற்சி 600 முறை தோற்கிறது, அவ்வளவுதான்.

தம்பி, உங்கள் ரெஸ்யூமேயில் முதல் இரண்டு வரியை யார் பெயரில் வேண்டுமானாலும் ஒட்டலாம். "கடின உழைப்பு" என்று எழுதாத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. என் கண் நின்றது கடைசி வரியில்தான். நூலகத்தில் 7 மாதம் என்ன செய்தீர்கள்? எதைப் பார்த்து எதில் ஏற்றினீர்கள்? எத்தனை பதிவு? ஏற்றிய பிறகு அதை யாராவது பயன்படுத்தினார்களா? இதற்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் பேசுவோம்.

இன்னொன்று, உடனே செய்து பாருங்கள். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். எழுத்து ஒழுங்காக, வரிசையாக வருகிறதா? பல நிறுவனங்களில் விண்ணப்பம் முதலில் ஒரு மென்பொருளுக்குள்தான் போகிறது.


தூக்கணாங்குருவி எழுதியது:

அக்கா, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். இரண்டு நெடுவரிசை வைத்த அழகான டெம்ப்ளேட் அது. இடப்பக்கத்து வரியும் வலப்பக்கத்து வரியும் கலந்து "எக்செல் ஆர் கல்லூரி நூலகத்தில் தலைமைப் பகுதிநேரப் பண்பு" என்று வருகிறது. தொலைபேசி எண் வரவே இல்லை. அதை ஐகானோடு சேர்த்துப் படமாக வைத்திருந்தேன் போல. 240 பேருக்கும் இதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

நூலக வேலை பற்றி. கையால் எழுதிய மூன்று வருடத்துப் பதிவேடு, யார் எந்தப் புத்தகத்தை எப்போது எடுத்தார், எப்போது திருப்பினார் என்று. கிட்டத்தட்ட 9,000 வரி. கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பாதியில் சலித்துப்போய், வாரவாரியாக ஒரு வரைபடம் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மட்டும் புத்தகம் திரும்புவது மூன்று மடங்காகிறது. அந்த நாட்களில் கவுன்டரில் பெரிய வரிசை நிற்கும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூலகரிடம் காட்டினேன். அடுத்த செமஸ்டரில் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் இன்னொருவரை உட்காரவைத்தார். வரிசை குறைந்தது. இதெல்லாம் ரெஸ்யூமேயில் போடலாமா? சின்ன விஷயமாயிற்றே என்று விட்டுவிட்டேன்.


பழைய_பேனா எழுதியது:

அடப்பாவி! இருக்கிற ஒரே நல்ல சரக்கை மூட்டை கட்டி உள்ளே வைத்துவிட்டுக் காலிச் சாக்கைக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

இப்படி எழுதுங்கள்: "மூன்று ஆண்டுக் கையெழுத்துப் பதிவேட்டை (சுமார் 9,000 பதிவு) எக்செலுக்கு மாற்றினேன். தேர்வுக்கு முந்தைய 2 வாரத்தில் புத்தகம் திரும்புவது மூன்று மடங்காவதைக் கண்டறிந்து காட்டினேன். அதன்பேரில் நூலகம் அந்த வாரங்களுக்குக் கூடுதல் ஆள் போட்டது."

குறிக்கோள் பத்தியைத் தூக்கிவிடுங்கள். தலைமைப் பண்பையும். ஒரே நெடுவரிசை, சாதாரண எழுத்துரு, படமாக எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் தாராளம். "பைத்தான் (அடிப்படை)" என்பதைவிட, பைத்தானில் நீங்கள் செய்து முடித்த ஒன்றைச் சொல்வது மேல். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இன்டர்வியூவில் அதைத்தான் முதலில் நோண்டுவார்கள்.


கல்வெட்டு எழுதியது:

பேனா சொன்னதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1482 வாக்கில் லியனார்டோ டா வின்சி, மிலான் ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எண் போட்டு எழுதியிருக்கிறார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், முற்றுகைக் கருவி, பீரங்கி, மூடிய போர் வண்டி என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அமைதிக் காலத்தில் கட்டடம் கட்டுவேன், சிலை செய்வேன், ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. ஸ்ஃபோர்சாவின் தலைவலி போர், ஓவியம் இல்லை. எதிரே இருப்பவருக்கு எது தேவையோ அது முதல் வரியில் வந்திருக்கிறது.

(செய்யத் தெரியும் என்று அவர் எழுதியதில் எத்தனை அதுவரை செய்து பார்த்தது என்று கேட்காதீர்கள். அந்த விஷயத்தில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம்.)


அரைத்தூக்கம் எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் முதலாமாண்டு. இதையெல்லாம் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. நான் இப்போதே ஆரம்பிக்க வேண்டுமா? எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாது. "உங்கள் ஆர்வம் என்ன?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், பதில் இல்லை. ஆன்லைனில் ஒரு ஆளுமைத் தேர்வு எழுதினேன். "நீங்கள் படைப்பாற்றல் மிக்கவர், அதேசமயம் ஒழுங்கை விரும்புபவர்" என்று வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?


மூன்றாவது_வேலை எழுதியது:

ஒன்றும் செய்ய முடியாது. அந்த வரி எல்லோருக்கும் பொருந்தும்.

உட்கார்ந்து யோசித்து ஆர்வத்தைக் கண்டுபிடித்தவரை நான் பார்த்ததில்லை. என் கதையைச் சொல்கிறேன். கல்லூரியில் தணிக்கைதான் என் வாழ்க்கை என்று முடிவு கட்டியிருந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு தணிக்கையாளரின் அலுவலகத்தில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். கிடைத்தது. முதல் நாள் மதியத்துக்குள் தெரிந்துவிட்டது, இது எனக்கு ஆகாது என்று. கணக்கு பிடித்திருந்தது. அடுத்தவர் தவற்றை நாள் முழுக்கத் தேடுவதுதான் பிடிக்கவில்லை. அந்த மூன்று நாள் எனக்கு மூன்று வருடத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஆகவே அரைத்தூக்கம், முதலாமாண்டில் நீங்கள் எதையும் தீர்மானிக்க வேண்டாம். ஒரு செமஸ்டருக்கு ஒரு சின்ன வேலை, ஆரம்பித்து முடித்ததாக ஒன்று, அது போதும். மன்றத்தின் வரவு செலவைப் பார்ப்பதோ, விழாவுக்குப் பதிவு வாங்குவதோ, ஒரு பேராசிரியரின் ஆய்வுக்குத் தரவு திரட்டுவதோ, எதுவாகவும் இருக்கலாம். முடித்ததும் மூன்று வரி எழுதி வையுங்கள்: எது பிடித்தது, எது எரிச்சலாக இருந்தது, எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை. கடைசி ஆண்டில் இந்தக் குறிப்பைத் திறந்து பாருங்கள். எந்த ஆளுமைத் தேர்வும் அதைச் சொல்லாது.


கல்வெட்டு எழுதியது:

இதோடு ஒன்று சேர்க்கலாம். வேலை பற்றிய செய்தி யார் வழியாக வருகிறது என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். 1973இல் வந்த கட்டுரை அது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. கேட்டது 54 பேரைத்தான், சிறிய ஆய்வு. ஆனால் காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அரைகுறைப் பழக்கம் உள்ளவர் வேறு வட்டத்தில் இருக்கிறார், வேறு செய்தி வைத்திருக்கிறார்.

2022இல் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்பு வலைத்தளத்தின் பயனர்கள் 2 கோடிப் பேரை வைத்து இதையே சோதித்து, சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். முடிவில் ஒரு திருத்தம் வந்தது. மிகவும் நெருக்கமான தொடர்பைவிட ஓரளவு தளர்ந்த தொடர்பே வேலை மாற அதிகம் உதவுகிறது. ஆனால் ஒட்டே இல்லாத அளவுக்குத் தளர்ந்துபோனால் அந்தப் பலனும் குறைந்துவிடுகிறது. முன்பின் தெரியாத 500 பேருக்கு "கனெக்ட்" அனுப்புவது இதில் சேராது.


எதிர்க்காற்று எழுதியது:

ஆக, சிபாரிசு. அதைச் சுற்றி வளைத்து ஆய்வு என்கிறீர்கள். யாரையும் தெரியாதவன் என்ன செய்வான்? என் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. நான் 600 விண்ணப்பம் போட்டது கொழுப்பெடுத்து இல்லை. கேட்க ஆள் இல்லை, அதனால் போட்டேன்.


பழைய_பேனா எழுதியது:

எதிர்க்காற்று, இது நியாயமான கோபம். முந்தைய பதிவில் உங்களிடம் கொஞ்சம் சுருக்கென்று பேசிவிட்டேன். அதற்கு வருத்தம்.

சிபாரிசு என்பது "இவனை எடுங்கள்" என்று ஒருவர் சொல்வது. நாங்கள் சொல்வது, "அண்ணா, உங்கள் வேலை நாள் எப்படிப் போகும்?" என்று கேட்பது. முதலாவதற்குச் செல்வாக்கு வேண்டும். இரண்டாவதற்குக் கூச்சத்தை விட வேண்டும், அவ்வளவுதான். அது எல்லோருக்கும் ஒரே அளவு சுலபமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் யாராவது அலுவலகம் போனவர் இருந்தால் அந்தக் கூச்சம் பாதியாகிவிடுகிறது.

யாரையும் தெரியாதவருக்கும் ஒரு வாசல் உண்டு. உங்கள் துறையில் இரண்டு மூன்று வருடம் முன்னால் படித்து வெளியே போனவர்கள். நேற்றுத்தான் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் என்பதால் பெரும்பாலும் பதில் சொல்வார்கள்.


தூக்கணாங்குருவி எழுதியது:

மூன்று வருடம் முன்னால் எங்கள் துறையில் படித்த ஓர் அண்ணன் மருத்துவத் தரவுப் பிரிவில் இருக்கிறார். இதை அனுப்பலாமா?

"மதிப்பிற்குரிய ஐயா, நான் தங்கள் கல்லூரி மாணவன். தற்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். தங்கள் நிறுவனத்தில் ஏதேனும் காலியிடம் இருந்தால் தயவுகூர்ந்து தெரிவிக்கவும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன். தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்."


மூன்றாவது_வேலை எழுதியது:

வேண்டாம். இதற்கு அவரால் சொல்ல முடிந்த பதில் "இப்போது இல்லை தம்பி" மட்டும்தான். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மூன்று வருடம் மூத்தவருக்கு "ஐயா" என்பதும் அதிகம். இப்படிப் போடுங்கள்:

"அண்ணா, வணக்கம். நான் புள்ளியியல் மூன்றாமாண்டு. நூலகப் பதிவேட்டை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தேன், அதிலிருந்து தரவு வேலை பிடித்துப்போனது. நீங்கள் மருத்துவத் தரவில் இருப்பதாகப் பேராசிரியர் சொன்னார். முதல் ஆறு மாதத்தில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், கல்லூரியில் எதைப் படித்திருக்கலாம் என்று தோன்றியது, இந்த இரண்டு மட்டும் கேட்க வேண்டும். வசதியான நாளில் 15 நிமிடம் பேச முடியுமா?"

ரெஸ்யூமே இணைக்காதீர்கள். அவர் கேட்டால் கொடுங்கள். பேசி முடித்த அன்றே நன்றி சொல்லி இரண்டு வரி. அவர் சொன்ன எதையாவது செய்து பார்த்தால், ஒரு மாதம் கழித்து அதையும் சொல்லுங்கள். இந்த மூன்றாவது செய்தியை அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. எனக்கு வந்ததில் இருவர்தான், இரண்டு பேரும் நன்றாக நினைவிருக்கிறார்கள்.


விடியற்காலை எழுதியது:

ஓரமாக ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் இருக்கும்போதுதான் ஏமாற்றுகிறார்கள். எனக்கு ஒரு "ஆஃபர் லெட்டர்" வந்தது. இன்டர்வியூவே கிடையாது, இருந்தும் பயிற்சிக் கட்டணம் கேட்டார்கள், அதுவும் அன்றே கட்ட வேண்டுமாம். கட்டிவிட்டேன். அப்புறம் அந்த எண் எடுக்கவே இல்லை. சம்பளம் கொடுக்க வேண்டியவர் நம்மிடம் பணம் கேட்டால், அங்கே வேலை என்று ஒன்று இல்லை. அடையாள அட்டை, வங்கி விவரம் இதையெல்லாமும் கையெழுத்தான வேலைக் கடிதம் கைக்கு வந்து, அந்த நிறுவனத்தின் பொது எண்ணுக்கு நாமே அழைத்து உறுதி செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.


அரைத்தூக்கம் எழுதியது:

நான் முடித்து வரும் வருடம் சந்தை படுத்திருந்தால்? சீனியர்கள் இப்போதே பயமுறுத்துகிறார்கள்.


கல்வெட்டு எழுதியது:

அந்தப் பயத்தில் பாதி உண்மை. கனடாவில் பட்டதாரிகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. வழக்கமான மந்தநிலையில் படித்து முடித்தவர்களுக்கு ஆரம்பச் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைவு. ஐந்து வருடத்தில் அந்த இடைவெளி பாதியாகிறது, பத்து வருடத்தில் ஏறக்குறைய மறைகிறது. எப்படி மறைகிறது என்பதுதான் முக்கியம். சின்ன இடத்தில் சேர்ந்தவர்கள் மெல்ல மெல்ல நல்ல நிறுவனத்துக்கு மாறிப் போகிறார்கள். எல்லோரும் ஒரே வேகத்தில் மீளவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் முதல் வேலை சுமாராக அமைந்தால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.


கணக்குப்புலி எழுதியது:

கணிதத்தில் ஒரு அழகான விதி இருக்கிறது. வரும் வாய்ப்புகளில் முதல் 37 சதவீதத்தைச் சும்மா பார்த்துக் கழித்துவிடு, அதற்குப் பிறகு அவற்றையெல்லாம் மிஞ்சுகிற முதல் வாய்ப்பைப் பிடித்துக்கொள். வேலைக்கும் இதைப் பயன்படுத்தலாமே?


எதிர்க்காற்று எழுதியது:

புலி, மொத்தம் எத்தனை வாய்ப்பு வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் 37 சதவீதம் கணக்குப் போட முடியும். 240க்கு 3 வருகிறது. அதில் எதைக் கழிப்பது? அதுவும் போக, அந்த விதி ஆகச் சிறந்த ஒன்றைப் பிடிக்கிற ஆளுக்கானது. இங்கே "பரவாயில்லை" ரகமே போதும்.


கணக்குப்புலி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். வாலைச் சுருட்டிக்கொண்டேன்.


பழைய_பேனா எழுதியது:

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" பாக்கி இருக்கிறது. அது வாழ்க்கை வரலாற்றுக் கேள்வி இல்லை. ஒன்றரை நிமிடம். இப்போது என்ன செய்கிறீர்கள், அதைக் காட்டும் ஒரு சம்பவம், இந்த வேலை ஏன். பத்தாம் வகுப்பு மார்க் எங்கேயும் வராது.

ஒழுங்காக ஆளெடுக்கும் இடங்களில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்போம். அப்படி வரையறுத்து நடத்தும் இன்டர்வியூதான் வேலைத்திறனைக் கணிப்பதில் முன்னணியில் நிற்கிறது என்று பால் சாக்கெட் என்ற உளவியலாளரின் குழு செய்த 2022 ஆய்வும் சொல்கிறது. உங்களுக்கு இதில் ஒரு லாபம். கேள்விகளை ஊகித்துவிடலாம். "தவறு செய்த ஒரு சமயம்", "ஒருவரோடு ஒத்துப்போகாத ஒரு சமயம்", "நீங்களாக ஆரம்பித்த ஒன்று". ஐந்து சம்பவம் கைவசம் இருந்தால் இருபது கேள்விக்குப் போதும். மனப்பாடம் செய்யாதீர்கள், கேட்டதும் தெரிந்துவிடும். சத்தமாக, நின்றுகொண்டு, மூன்று முறை சொல்லிப் பாருங்கள். முதல் முறை கேவலமாக இருக்கும், இருக்கட்டும்.


தூக்கணாங்குருவி எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

என்ன ஆனது என்று சொல்லத் திரும்பி வந்தேன்.

இந்த ஐந்து வாரத்தில் போட்டது 16 விண்ணப்பம்தான். ஒவ்வொன்றுக்கும் விளம்பரத்தைப் படித்து மேல் இரண்டு வரியை மாற்றினேன். பதில் 4. இரண்டு நிராகரிப்பு. ஒரு இடத்தில் பரீட்சை வைத்தார்கள், ஊற்றிக்கொண்டது. ஆர் மென்பொருளில் இரண்டு அட்டவணையை இணைக்கச் சொன்னார்கள், கை நடுங்கியதில் வரிகள் இரட்டிப்பானதைக் கவனிக்கவே இல்லை. இப்போது தினமும் அதைத்தான் பழகுகிறேன்.

அந்த அண்ணன் பேசினார். 15 நிமிடம் கேட்டேன், 50 நிமிடம் பேசினார். அவர் நிறுவனத்தில் இடம் இல்லை. ஆனால் அவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் ஆள் தேடுகிறார் என்றார். நாலாவது பதில் அங்கிருந்துதான். இன்றைக்கு இரண்டாம் சுற்று முடிந்தது. முதல் கேள்வியே, "அந்த நூலக வரிசை விஷயத்தைச் சொல்லுங்கள்". கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். "எப்போது சேர முடியும்?" என்று கேட்டார்கள். எனக்குத் தேர்வு முடிய நாலு மாதம் இருக்கிறது. போய்விடுமோ என்ற பயத்தில் "உடனே" என்று சொல்லிவிட்டேன். என்ன செய்வது?


பழைய_பேனா எழுதியது:

இன்றைக்கே எழுதுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். "பதற்றத்தில் உடனே என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். என் கடைசித் தேர்வு இந்தத் தேதியில் முடிகிறது, மறுவாரம் முதல் முழுநேரம் சேர முடியும். அதுவரை வாரத்துக்கு 10 மணி நேரம் தர முடியும்." அந்தப் பத்து மணி நேரம் உங்களால் உண்மையிலேயே முடிந்தால் மட்டும் எழுதுங்கள். படிக்கிற பையன் என்று தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார்கள், இதற்காகக் கழற்றிவிட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.


எதிர்க்காற்று எழுதியது:

அனுப்பும் முன் தேர்வுத் தேதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த அண்ணனுக்கு இரண்டாம் சுற்று வரை போனதைச் சொல்லிவிட்டீர்களா?


தூக்கணாங்குருவி எழுதியது:

அய்யோ, இல்லை. இதோ.